க்ளாரர் என்று ஒரு வினைச்சொல்

“…கோப்பி போடுறதும் இவர்தான், குடிச்ச கோப்பையைக் கழுவிறதும் இவர்தான். குளிக்கிறது, உடுக்கிறது, கக்கூசுக்குப் போறது, ஒண்டுக்கும் என்னைக் கூப்பிடமாட்டார். நான் இந்த வீட்டிலை ஒரு விருந்தாளி மாதிரித்தான் இருக்கிறன். சொல்லுங்கோ தம்பி, நான் சொன்னதை அப்பிடியே அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.”

அக்கா இதைச் சொன்னது நோர்வேயில், அம்மருட் என்ற குடியிருப்புப் பகுதியில், ஒன்பதாம் மாடி வீட்டின் முன்னறையில், ஒரு காலை நேரத்தில். ‘அந்தப் பிள்ளை’ என்றது நகரசபையிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்த நோர்வேஜியப் பெண்ணை. ‘இவர்’ என்றது செற்றியில் தன் பக்கத்தில் இருந்த கணவரை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோன மனிதர். கோப்பி போடுவது இருக்கட்டும், போட்டுக் கொடுத்த கோப்பியில் பாதி அவருடைய மடிக்குத்தான் போகும். அவரைத் தூக்கித் தூக்கி அக்காவின் முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது. இனியும் தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் வந்து அவரைக் கழுவி, உடுத்தி, எழுப்பிவிட நகரசபை ஆள் அனுப்புமா, அனுப்பாதா என்பதுதான் அன்றைக்குத் தீர்மானமாக வேண்டிய விஷயம். அனுப்பாவிட்டால் அக்காவின் முதுகு போகும். அந்தப் பெண்ணைத் தவிர அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். அக்கா சொன்ன அத்தனையையும் நோர்வேஜிய மொழியில் ஒரே ஒரு வினைச்சொல்லுக்குள் போட்டுவிடலாம். க்ளாரர். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன், அப்படியே இருந்துவிட்டேன்.

நான் மொழி படித்தவன் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்த நாட்டு மொழியை மீன் தொழிற்சாலையிலும் பஸ் தரிப்பிடத்திலும் முதியோர் இல்லத்துக் குசினியிலும், மற்றவர்கள் கதைப்பதை ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். ஆட்கள் போகிறபோக்கில் சொல்லும் சொல்லைப் பொறுக்கி வாயில் போட்டு மென்று பார்ப்பதில் எனக்கொரு சுகம். என் மனைவிக்கு இது பெரிய தொல்லை. “உங்களுக்கு வாயிலை வெத்திலை இல்லாத குறையை நோர்வேஜியன் தீர்த்து வைச்சிருக்கிறான்” என்பார். அப்படி மென்ற சொற்களில் எனக்கு ஆகப் பிடித்தது இந்த க்ளாரர்தான்.

மூலவடிவம் க்ளாரெ. இப்போது செய்வதென்றால் க்ளாரர். செய்து முடித்தது க்ளார்த்த. ‘ஹா’ என்ற துணைச்சொல்லோடு வந்தால் க்ளார்ட். அவ்வளவுதான் வடிவங்கள். நான், நீ, அவன், அவள், நாட்டின் அரசர், பாலர் பள்ளிக் குழந்தை, எல்லோருக்கும் ஒரே க்ளாரர். மரியாதை விகுதி கிடையாது, ஆண் பெண் கிடையாது. ‘முடியும், சமாளிப்பேன்’ என்பது பொருள். பின்னால் ‘இக்கெ’ என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தால் எல்லாம் கவிழ்ந்து ‘முடியாது’ ஆகிவிடும். ‘சை’ என்று ஒரு வாலை ஒட்டினால் ‘பிழைத்துக்கொள்வேன், என்பாடு பார்த்துக்கொள்வேன்’ ஆகும். விபத்தில் மாட்டியவர் உயிர் தப்பிவிட்டால் அவர் க்ளார்த்த சை. கோப்பி ஊற்றிக்கொண்டே போகிறவரிடம் ‘டெ க்ளாரர் சை’ என்றால் ‘போதும், போதும்’ என்று அர்த்தம். ஒருத்தரைக் கண்ணில் காட்டக்கூடாது என்பதற்கும் இதே சொல்தான். ‘அந்த மனுசனை நான் க்ளாரர் இக்கெ’ என்று வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது பெண்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு அந்த மனுசனோடேயே போய்ப் பாண் தின்பார்கள்.

பிறப்பு எப்படியென்றால், முதலில் அதற்கும் வலிமைக்கும் சம்பந்தமே இல்லை. க்ளார் என்றால் தெளிவானது. கலங்கல் இல்லாத தண்ணீர், மேகமில்லாத வானம். வட ஜெர்மன் வியாபாரிகளோடு கப்பலில் வந்து இறங்கிய சொல் என்றும், அதற்கும் முன்னால் லத்தீனில் வெளிச்சம் என்ற பொருளில் இருந்தது என்றும் பிற்காலத்தில் நூலகத்து அகராதியில் பார்த்தேன். ஆனால் எனக்கு அதை உண்மையில் விளங்கவைத்தவர் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு நோர்வேஜிய மூதாட்டி. நான் கொண்டுபோன கோப்பியை மணந்து பார்த்துவிட்டு, இது க்ளார் இல்லை என்றார். அவருடைய தாயார் கோப்பி கொதித்ததும் காய்ந்த மீன்தோல் துண்டு ஒன்றை அதற்குள் போடுவாராம். தூளெல்லாம் அந்தத் தோலோடு அடியில் போய்ப் படிந்துவிடும், மேலே கண்ணாடி மாதிரிக் கோப்பி நிற்கும். அதுதான் க்ளாரெ செய்வது என்றார். “மீன் மணக்காதோ?” என்று கேட்டேன். “மணந்தால் என்ன, அந்தக் காலத்தில் நாங்களே மீன் மணம்தானே” என்றார். கலங்கியதைத் தெளியவைப்பதில் தொடங்கி, சிக்கலைத் தெளியவைப்பதாகி, பிறகு எதையும் செய்து முடிப்பதாகிவிட்டது அந்தச் சொல். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அன்று முழுக்க அதையே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அண்ணைக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

அக்காவின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றுமில்லை. ஒரே விமானத்தில் வந்து இறங்கி, வடக்கே கடலோரத்து மீன் தொழிற்சாலை ஒன்றில் ஒன்றாகக் கூதலில் விறைத்தவர்கள். அங்கே ஃபோர்மன் காலையில் பெட்டிகளைக் காட்டி, “க்ளாரர் டூ?” என்று கேட்பான். உன்னால் முடியுமா என்று அர்த்தம். ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, பனிக்கட்டியும் மீனும். அண்ணைக்கு மொழி விளங்கவில்லை, என்னைப் பார்ப்பார். “ஏலுமோ எண்டு கேக்கிறான் அண்ணை. க்ளாரர் எண்டு சொல்லுங்கோ, ஆள் சந்தோஷப்படுவான்” என்றேன். அவர் நோர்வேயில் முதன்முதல் வாய்விட்டுச் சொன்ன சொல் அது. காய்ச்சலோடும் சொன்னார், கை வெட்டுப்பட்டும் சொன்னார்.

எங்களோடு அறையில் இன்னொருவர் இருந்தார். மெலிந்த மனிதர், ஊரில் வாத்தியார். ஒருநாள் பெட்டியை அரைவாசி தூக்கிவிட்டுக் கீழே வைத்தார். “க்ளாரர் இக்கெ” என்றார். ஃபோர்மன் அவருடைய தோளில் தட்டி, கோப்பி கொடுத்து, அடுத்த நாளே கதிரையில் இருந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டான். நோர்வேஜியனுக்கு அந்தக் கதை அதோடு முடிந்தது. எங்களுக்கு அதில்தான் தொடங்கியது. அன்று எல்லோரும் சுற்றியிருந்து சோறு தின்னும்போது அண்ணை கரண்டியை எடுத்து, “இக்கெக்கு ரெண்டு கரண்டி கூடப் போடுங்கோடா. பாவம், ஏலாதவன்” என்றார். சிரிப்பில் அறை அதிர்ந்தது. ஆகச் சத்தமாகச் சிரித்தவன் நானாக இருக்கவேண்டும், ஏனென்றால் எனக்குச் சொல் என்றால் பைத்தியம். அந்த மனிதருக்கு அதன் பிறகு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. அவருக்குக் கல்யாணம் பேசியபோது பெண் வீட்டாருக்கும் அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது ஹொல்ம்லியாப் பக்கம் இருக்கிறார். எங்கள் யாரோடும் கதைப்பதில்லை. அவருக்கு அது நல்லதுதான்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஏலாது’ என்ற சொல்லுக்கு இருக்கும் பாரம் நோர்வேஜியருக்குத் தெரியாது. செய்ய முடியாது என்பதற்கும் ஏலாது, வருத்தம் என்பதற்கும் ஏலாது. ‘அவருக்கு ஏலாதாம்’ என்றால் சனம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும். ‘அவர் ஏலாதவர்’ என்றால் பார்க்கப் போவதையும் நிறுத்திக்கொள்ளும். குறொன்லாண்டில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் ஒருவர் முருங்கைக்காய் முறித்துக்கொண்டே ஒருமுறை என்னிடம் சொன்னார்: “இந்த நாட்டிலை ரெண்டு சாதிதான் அண்ணை. க்ளாரர் சாதி, க்ளாரர் இக்கெ சாதி. எங்கடை ஆக்கள் செத்தாலும் முதலாவதிலைதான் சாவினம்.” நான் சிரித்துக்கொண்டு முருங்கைக்காயை வாங்கினேன்.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அண்ணை, பழைய அண்ணை மாதிரியே இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார். அதை நடத்திக்காட்ட வேண்டியவர் அக்கா. அண்ணையின் இடுப்பில் அகலமான தோல் பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டிவிடுவார். செற்றியில் பக்கத்தில் ஒட்டி இருப்பார். சேர்ட்டுக்குக் கீழாகப் பின்னால் கையை விட்டு அந்தப் பெல்ட்டைப் பிடித்து, மூச்சை அடக்கி, ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்கு அண்ணை எழும்புவார். முன்னால் இருந்து பார்ப்பவருக்கு மனுசன் தானாக எழும்புகிற மாதிரித்தான் இருக்கும். எழும்பி நின்றபிறகும் அந்தக் கை பெல்ட்டை விடாது. கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் சனம் வியந்துபோகும். “பாருங்கோவன், எப்பிடித் தேறியிட்டார்!” அண்ணை நெஞ்சைத் தொட்டு, “மனத்தைரியம்” என்பார். அக்கா பின்னால் நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பல் தெரியும், அவ்வளவுதான்.

டொக்டர் சொன்னபிறகு அக்கா கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, விண்ணப்பம் போட்டார். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. “நான் என்ன சவமே, ஆள் வைச்சுக் கழுவிறதுக்கு?” என்றார். “வெள்ளைக்காரி வந்து என்ரை வேட்டியை அவிழ்க்கிறதோ? உமக்கு வெக்கமில்லையெண்டால் எனக்கு இருக்கு.” ஆனாலும் முதல் தடவை அந்தப் பெண் வருகிறாள் என்றதும் மூன்று பேரும் ஒன்றுசேர்ந்து ஒரு வேலை செய்தோம். எங்கள் சனத்தைத் தவிர வேறு எவரும் அதைச் செய்யமாட்டார்கள். அரசாங்க ஆள் வீட்டுக்கு வருவதென்றால் எங்களுக்கு அது பெண்பார்க்க வருவது மாதிரி. அக்கா அந்த முதுகோடு மூன்று நாள் வீடு துடைத்தார். ரோல்ஸ் சுட்டார், வடை சுட்டார். அண்ணைக்கு முகம் வழித்து, கோட்டுப் போட்டு, சென்ற் அடித்தார். மலசலக் கதிரையைப் பல்கனிக்குக் கொண்டுபோய்ப் போர்வையால் மூடி, அதற்கு மேல் பூச்சாடி ஒன்றையும் வைத்தோம். தூக்கிக்கொண்டு போனவன் நான். பூச்சாடி என் யோசனை. அது வடிவாக இருந்தது என்று அண்ணை பாராட்டினார்.

அந்தப் பெண் நல்லவள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடிக்கலாம், அதுதான் முறை என்றாள். அண்ணை மறுத்துவிட்டார். “அங்காலை கதைக்கிறது எவன் எண்டு தெரியாது. மத்தியானத்துக்குள்ளை என்ரை மூத்திரக்கதை கோயில் முழுக்கப் போயிடும். தம்பி இருக்கிறார், காணும்.” அவள் வடையைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தானாக உடுப்பாரா? க்ளாரர். குளிப்பாரா? க்ளாரர். படுக்கையிலிருந்து எழும்புவாரா? க்ளாரர். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. கேள்வி முடியமுன்னே விடை வந்தது. எழும்பிக் காட்டியும் விட்டார், அக்காவின் ‘ம்’மோடு. கடைசியில் அவள் அக்காவிடம் திரும்பி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருபது வருடம் பள்ளிக்கூடம் துப்புரவாக்கிய அக்காவுக்கு நோர்வேஜிய மொழியில் தடக்காமல் வரும் வசனம் ஒன்றுதான். “வீ க்ளாரர் ஒஸ்.” நாங்கள் சமாளிக்கிறோம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். விண்ணப்பதாரர் தானாக எழும்ப க்ளாரர். உடுக்க க்ளாரர். கழிவறை போக க்ளாரர். ஒரு பக்கத்துக்குள் ஏழு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. ஆகையால் உதவி வழங்கப்படமாட்டாது. அண்ணை இன்னொருதரம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பிறகு கனடாவில் இருக்கும் தமக்கைக்கு அழைப்பெடுத்து, “நான் சொன்னால் நம்பமாட்டியள், நோர்வே அரசாங்கமே எழுதித் தந்திருக்கு” என்றார். சோதினை பாஸ் பண்ணிய பிள்ளையின் குரல்.

அக்கா குசினியிலிருந்து வெங்காயம் வெட்டும் கத்தியோடு வந்து நின்றார்.

“அப்ப என்ரை முதுகு க்ளாரரோ எண்டு அதிலை எழுதியிருக்கோ தம்பி?”

“இல்லை அக்கா.”

“என்னைப் பற்றி ஒண்டுமே இல்லையோ?”

“ஒரு வரி இருக்கு.”

“என்னெண்டு?”

“மனைவி உதவியாக இருக்கிறார், வீட்டில் நல்ல ஆதரவு கிடைக்கிறது.”

“சொல்லும் தம்பி, நல்ல ஆதரவாம்!” என்று அண்ணை கைதட்டப் போனார். இடது கை வந்தது, வலது கை வரவில்லை. “கொம்யூன் உமக்கு சேர்ட்டிபிக்கற் தந்திருக்கு, சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டும்.”

அக்கா கத்தியை ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு காலை அவருடைய முதுகு பூட்டிக்கொண்டது. குசினித் தரையில் விழுந்தவருக்கு அசைய முடியவில்லை. தொலைபேசி முன்னறையில். அண்ணையும் முன்னறையில். “தேத்தண்ணி என்ன மாதிரி?” என்று அங்கிருந்து குரல் வந்தது. “எனக்கு ஏலாமல் கிடக்கு” என்று இங்கிருந்து சொன்னார். பிறகு, “அப்ப ஏலேக்கை போடும்” என்று வந்தது. இதை அக்கா எனக்குச் சொன்னபோது சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். “அலுமாரிக்குக் கீழை ஒரு உருளைக்கிழங்கு கிடந்தது தம்பி. முளைச்சு, வேரும் விட்டிருந்தது. ரெண்டு மணித்தியாலம் அதோடைதான் கதைச்சுக்கொண்டு கிடந்தனான். அது மறுமொழி சொல்லேல்லை, ஆனா தேத்தண்ணியும் கேக்கேல்லை.”

மேல்முறையீட்டை எழுதியது அவர்களுடைய மகள். இங்கே பிறந்த பிள்ளை, பேர்கனில் ஆஸ்பத்திரியில் வேலை. என்னைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“மாமா, அண்டைக்கு நீங்களும் அங்கை இருந்தனீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை.”

“அப்பா க்ளாரர் இக்கெ எண்டு சொல்ல உங்களுக்கு என்ன? அது தூஷணமே? என்ரை வார்டிலை எல்லாரும் ஒருநாளைக்கு நூறுதரம் சொல்லுகினம்.”

“கொப்பர் பக்கத்திலை இருக்கேக்கை எப்பிடிப் பிள்ளை…”

“அம்மாவும் பக்கத்திலைதான் இருந்தவா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் இரண்டாம் முறை வருகிற நாள் வந்தது. அக்கா இந்தத் தடவை வீடு துடைக்கவில்லை. வடை சுடவில்லை. நான் போனபோது மலசலக் கதிரை முன்னறையின் நடுவில், ரி.வி.க்கு முன்னால் நின்றது. கழுவவும் இல்லை. அண்ணை இரவுச் சாரத்தோடு செற்றியில் இருந்து கத்திக்கொண்டிருந்தார்.

“தூக்கு அதை! தூக்கடி! என்னை எங்கையாவது கொண்டுபோய் அடைச்சுப்போட்டு ஊர் சுத்தப் பாக்கிறாய், என்ன?”

அக்காவை அவர் ‘நீர், உம்’ என்று கூப்பிட்டுத்தான் நான் கேட்டிருக்கிறேன். என்ன சண்டையிலும் அது மாறியதில்லை. அக்கா அசையாமல் நின்றார்.

“இது கத்தும் தம்பி” என்றார் என்னைப் பார்த்து. ‘இது’ என்று சொன்னார். “நீங்கள் இருங்கோ. அந்தப் பிள்ளை வந்து பாக்கட்டும். ஒருக்காப் பாத்தால் காணும், நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை.”

“தம்பி,” என்றார் அண்ணை. “தம்பி, நான் உம்மட்டை ஒண்டும் கேட்டதில்லை. அதை எடும். என்ரை சாரத்தை மாத்தி விடும். அவளுக்கு முன்னாலை என்னை இப்பிடி வைக்காதையும்.”

கீழ் வாசல் மணி அடித்தது. மின்தூக்கி ஒன்பதாம் மாடிக்கு வர ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மாற்றி எழுதலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அண்ணையைக் காற்சட்டைக்குள்ளும் சேர்ட்டுக்குள்ளும் நுழைத்து, பெல்ட்டை இறுக்கி, சீப்பால் தலை இழுத்து விட்டேன். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை செய்கிற உதவி என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி மறுபடி அடித்ததும் அவர்தான் போய்க் கதவைத் திறந்தார். திரும்பி வந்து, வழக்கமான இடத்தில், அண்ணையை ஒட்டி இருந்தார். கையும் வழக்கமான இடத்துக்குப் போயிற்று.

அந்தப் பெண் மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்டாள். அண்ணை மறுபடி க்ளாரர், க்ளாரர் என்று அடுக்கினார். அவள் மகளின் கடிதத்தை எடுத்து, இதில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே என்றாள்.

“பிள்ளை தூரத்திலை இருக்கிறாள், அவளுக்கென்ன தெரியும்? தாய்க்காரி சொல்லிக் குடுத்திருக்கிறாள்” என்றார் அண்ணை. “இவவுக்கு இப்ப கொஞ்ச நாளாய்த் தலை சரியில்லை. சொல்லும் தம்பி, சொல்லும்.”

நான் அதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பதால் மகளுக்குத் தெரியாது என்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி, “எனக்கு உங்கள் மனைவி சொல்வதைக் கேட்கவேண்டும்” என்றாள். அக்காவை நேராகப் பார்த்தாள். “உங்களுக்கு என்ன வேண்டும்? என்ன உதவி தேவை?”

இப்படி ஒரு கேள்வியை அக்காவிடம் எவரும் கேட்டு நான் கண்டதில்லை. அக்கா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், சொல்லக்கூடாது என்றும் நினைத்தேன். அப்போதுதான் அவர் சொன்னார், கோப்பி போடுவதும் இவர்தான், கழுவுவதும் இவர்தான், நான் விருந்தாளி என்று. அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணைக்கு விளங்காத வேகத்தில் இரண்டு வசனம் போதும். படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினால் ஒரு வசனமும் தேவையில்லை. சொன்னதை அப்படியே சொல்லுங்கோ என்று அக்காவே கேட்டார் என்பதை அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஊரிலுள்ள சொல்லையெல்லாம் மென்றவன், அன்றைக்கு ஒரு சொல்லைத்தான் துப்பினேன்.

“ஹான் க்ளாரர் ஆல்ட் செல்.” அவரே எல்லாம் செய்வார்.

“பாத்தீரோ!” என்றார் அண்ணை. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத் தலையாட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, மெதுவாக, “இப்பதான் உமக்குப் புத்தி வந்திருக்கு” என்றார்.

அந்தப் பெண் எதையோ தட்டி எழுதினாள். நிறுத்தினாள். அக்காவின் முகத்தையும் மகளின் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணையிடம், சிரமமில்லை என்றால் ஒருமுறை எழும்பி அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். “க்ளாரர் டூ டெ?”

“க்ளாரர்!” என்றார் அண்ணை. சேர்ட்டின் முன்பக்கத்தை இடது கையால் இழுத்து நேராக்கினார். கால்களை நிலத்தில் ஊன்றினார். முன்னால் குனிந்து, இடது கையைச் செற்றியின் விளிம்பில் கொடுத்து, வழக்கமான ‘ம்’முக்காகக் காத்திருந்தார்.

‘ம்’ வந்தது. அண்ணை எழும்பினார். முழு உயரத்துக்கும் நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தார். அவரோடு சேர்ந்து எழும்பிய அக்கா பக்கத்தில் ஒட்டி நின்றார். சேர்ட்டுக்குக் கீழே அவருடைய விரல்முட்டுகள் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அக்கா முதலில், முன்னால் கிடந்த கண்ணாடி மேசையைக் காலால் தள்ளி, அண்ணையின் தலை படாத தூரத்துக்கு நகர்த்தினார். அதற்குப் பிறகு பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார்.